வெறுங்கைகளோடு

ரோசா மலர்களையும் சிலுவையையும் மார்போடு அணைத்து நிற்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் திருவுருவத்தை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே அரிது. சிறுமலர் என்று அவரை அன்போடு அழைக்கிறோம். அப்பெயரைப் பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் சூட்டியிருக்கிறோம். ஆனால் அந்தச் சாந்தமான முகத்துக்குரியவர், தம் இளமையில் பாவ அச்சத்தால் உறக்கமின்றித் தவித்தவர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1873-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்த தெரேசா, பன்னிரண்டாம் வயதில் ஒரு தியானத்தின்போது இந்த அச்சத்துக்கு ஆளானார். மிகச் சாதாரண எண்ணமும் செயலும்கூடப் பாவமாகத் தோன்றி அவரைக் கலங்கடித்தன. அவற்றை அக்காள் மரியாவிடம் சொல்லி அழுவார். சொன்னதும் சற்றே ஆறுதல் பிறக்கும். அடுத்து வேறொரு கலக்கம் தலைதூக்கும். 1886-இல் அக்காளும் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட, குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோன தம் உடன்பிறப்புகள் நால்வரையும் நோக்கி மன்றாடினார். அதன் பின்னரே அவருக்கு அமைதி கிடைத்தது.

இந்நோய் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இலொயோலா இஞ்ஞாசியார் மன்ரேசாவில் தங்கியிருந்த நாள்களில், அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் ஆறுதல் காணாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை சென்றார். இறைவனைச் சிறிதும் பொருட்படுத்தாதவர்களை இந்நோய் தீண்டுவதில்லை. அவரை மெய்யாகவே நேசிக்க விரும்புகிறவர்களையே அது பற்றிக்கொள்கிறது. அதன் கொடுமையும் அதுவே.

என் பெரியம்மாவிடம் இதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். ஒன்பது மாதங்கள் இடைவிடாமல் முதல் வெள்ளிக்கிழமைகளில் நற்கருணை உட்கொள்ளும் பக்தி முயற்சியை அவர் மேற்கொண்டிருந்தார். எட்டாம் மாதம் காய்ச்சலில் விழுந்து ஒரு வெள்ளி தவறிப்போயிற்று. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ஒன்பதையும் நிறைவு செய்த பிறகும், ஏதோ ஒரு நாள் தகுந்த ஆயத்தமின்றி வாங்கிவிட்டோமோ என்ற ஐயத்தால் இன்னொரு முறை தொடங்கினார். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து நாலடி நடந்துவிட்டு, விட்டுப்போன ஏதோ ஒன்று நினைவுக்கு வந்து, வரிசையின் கடைசியில் போய் நிற்பார். அவரைப் பக்திமான் என்று ஊரார் மெச்சினர். அவரோ, தம் ஆன்மா கரையேறுமா என்று இரவெல்லாம் விழித்துக் கிடந்தார்.

முதுமையில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. செபமாலை மணிகளை உருட்டவும் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ஒரு முதல் வெள்ளியன்று பங்குத்தந்தை நற்கருணையோடு வீட்டுக்கு வந்தபோது, "சாமி, ஒரு செபம்கூடச் சொல்ல முடியலையே, எப்படி வாங்குவேன்?" என்று குழறிய நாவால் கேட்டார். பங்குத்தந்தை நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார். "நீங்க நடந்து வர முடியலைன்னுதானேம்மா ஆண்டவர் நடந்து வந்திருக்கார்" என்றார். பெரியம்மா வாயைத் திறந்தார். அன்று அவர் முகத்தில் கண்ட அமைதியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

தெரேசா கண்டடைந்த சிறு வழியும் இதுவே. 1887-இல் உரோமைக்குத் திருப்பயணம் மேற்கொண்டபோது, படியேறும் சிரமமின்றி மாடிக்கு ஏற்றிச் செல்லும் லிஃப்ட் அவருக்கு அறிமுகமாயிற்று. புனிதத்தின் செங்குத்தான படிகளில் ஏறத் தம்மால் இயலாதெனக் கண்ட அவர், இயேசுவின் கரங்களே தம்மைத் தூக்கிச் செல்லும் லிஃப்ட் என்று பின்னாளில் எழுதினார். படியின் அடியில் நின்றுகொண்டு சின்னஞ்சிறு காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தோற்கும் குழந்தையைத் தந்தையே இறங்கி வந்து அள்ளிக்கொள்வார் என்றும் ஓர் இளந்துறவிக்குக் கற்பித்தார்.

அந்தக் குழந்தை காலைத் தூக்குவதை நிறுத்துவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அருளில் இளைப்பாறுவது சோம்பலுக்குச் சூட்டிய அழகுப் பெயரன்று. தெரேசா மடத்து வேலைகளைச் செய்தார், இளந்துறவியரைப் பயிற்றுவித்தார், தமக்குப் பிடிக்காத சகோதரியிடம் புன்னகையோடு பழகினார். 1896-ஆம் ஆண்டு உயிர்ப்புக் காலத்தில் தொடங்கி, காசநோயோடு விசுவாச இருளையும் சுமந்து, 1897 செப்டம்பர் 30 அன்று இருபத்து நான்காம் வயதில் இறந்தார். உழைப்பை அவர் கைவிடவில்லை. உழைப்பைக் கணக்கிடுவதையே கைவிட்டார். 1895-இல் தம்மை இறைவனின் இரக்க அன்புக்குக் கையளித்தபோது, வெறுங்கைகளோடு அவர்முன் நிற்கவே விரும்பினார்.

இது ஓர் இளம்பெண்ணின் மென்மையான கற்பனை மட்டுமன்று. திருச்சபையின் தொன்மையான போதனை. நாம் மீட்படையத் தொடங்குவதே இறையருளால்தான் என்று 529-இல் ஒராஞ்சு சங்கமும், 1547-இல் திரிதெந்தின் பொதுச்சங்கமும் அறிக்கையிட்டன. தகுதியுள்ளோர் மட்டுமே அரிதாக நற்கருணையை அணுகலாம் என்ற யான்சேனியக் கடுமை நெடுங்காலம் மக்களை அச்சுறுத்தி வந்தது. அருள்நிலையும் நேரிய நோக்கமும் இருந்தால் நாள்தோறும் நற்கருணை உட்கொள்ளலாம் என 1905-இல் பத்தாம் பத்திநாதர் காலத்து ஆணை தெளிவாக்கியது. தெரேசாவை 1997-இல் இரண்டாம் யோவான் பவுல் மறைவல்லுநராக அறிவித்தார். 2023-இல் திருத்தந்தை பிரான்சிசு அவருடைய நம்பிக்கையைப் பற்றியே ஒரு திருத்தூது ஊக்கவுரை வெளியிட்டார்.

அப்படியானால், விண்ணகத் தந்தையைப் போல நிறைவுள்ளோராய் இருக்க ஆண்டவர் கட்டளையிட்டாரே என்று கேட்கலாம். மத்தேயு தரும் அந்தச் சொல், பகைவரையும் நேசிக்கச் சொல்லும் போதனையின் முடிவில் வருகிறது. அதே போதனையை எழுதும் லூக்கா, நிறைவு என்பதற்குப் பதிலாக இரக்கம் என்கிறார். தந்தையின் நிறைவு அவருடைய இரக்கமே எனில், குற்றங்குறை எண்ணித் தன்னையே துன்புறுத்துகிறவர் அதிலிருந்து விலகித்தானே போகிறார்! தன்மீது இரக்கம் காட்ட அறியாதவர், பிள்ளைகள்மீதும் அயலார்மீதும் அதே கடுமையைக் காட்டுவதை நாம் வீடுகளில் காண்பதில்லையா?

மன்ரேசாவில் துன்புற்ற இஞ்ஞாசியார், பின்னாளில் ஆன்ம சோதனைக்கு வழிமுறை வகுத்தபோது, பாவங்களைத் தேடுவதை முதற்படியாக வைக்கவில்லை. பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவதே அதன் முதற்படி. இன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன் நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். நன்றி கூறி முடித்தபின் நம் குறைகளைப் பார்ப்போம். அவற்றை அவரிடம் கொடுத்துவிட்டு உறங்குவோம்.