வழுதாவூர் சாலையில் ஒரு ரிஷபம்

கதிர்காமம் என்றதும் பலருக்கு இலங்கையின் முருகன் தலமே நினைவுக்கு வரும். நாங்கள் சொல்வது புதுச்சேரியின் கதிர்காமத்தை. வழுதாவூர் சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் பகுதி அது. ஆம்புலன்ஸ் ஒலிக்கு அங்கே பஞ்சமில்லை. டாப்ளர் விளைவைப் பற்றி எழுதுகிற எவரும் ஆம்புலன்ஸைத்தான் உதாரணம் காட்டுவார்கள். எங்களுக்கு அது நல்ல உதாரணமாகப் படவில்லை. அதன் சங்கொலி நின்ற இடத்திலேயே ஏறி இறங்குவது. எது வண்டியின் ஓட்டத்தால் வந்த மாற்றம், எது சங்கின் இயல்பு என்று காதால் பிரிக்க இயலாது. நம் கதாசிரியர்களிடமும் ஒரு சிறு பிணக்கு உண்டு. வண்டி நெருங்க நெருங்க ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போவதாக எழுதிவிடுகிறார்கள். ஏறுவது உரப்பு மட்டுமே. சீரான வேகத்தில் வரும் வண்டியின் சுருதி தொலைவிலேயே உயர்ந்துதான் இருக்கும். நம்மைக் கடக்கும் கணத்தில் வழுக்கி இறங்கும்.

அந்த இறக்கத்துக்குள்தான் ஒலியின் வேகம் ஒளிந்திருக்கிறது. வரும்போது கேட்ட அதிர்வெண், போகும்போது கேட்ட அதிர்வெண் இரண்டையும் கூட்டி, அவற்றின் வித்தியாசத்தால் வகுத்து, வண்டியின் வேகத்தால் பெருக்கினால் ஒலியின் வேகம் வந்துவிடும். ஒலிப்பானின் உண்மையான அதிர்வெண் என்னவென்று தெரிய வேண்டியதே இல்லை என்பது இம்முறையின் அழகு.

இசைப் பயிற்சி உள்ளவர்களுக்குக் கருவியும் தேவையில்லை போலும் என்று முதலில் நினைத்தோம். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடும் குழந்தை சட்ஜமத்திலிருந்து முதலில் தொடும் சுத்த ரிஷபத்தின் விகிதம் 16/15. ஒரு வண்டியின் ஒலி ரிஷபத்திலிருந்து சட்ஜமத்துக்கு இறங்கினால், 16ஐயும் 15ஐயும் கூட்டினால் 31, வித்தியாசம் 1. எனவே ஒலி அவ்வண்டியைப்போல 31 மடங்கு வேகமுடையது. வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் சென்றால் ஒலி 1,240 கிலோமீட்டரில் செல்லும். அதாவது நொடிக்கு 344 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் உண்மை மதிப்பு 348ஐ ஒட்டியது. எத்தனை நெருக்கம்!

இந்த நெருக்கம்தான் எங்களைச் சந்தேகிக்க வைத்தது. இருபத்திரண்டு சுருதிக் கணக்கில் இன்னொரு ரிஷபமும் உண்டு. அதன் விகிதம் 256/243. முன்னதிலிருந்து மயிரிழை தாழ்ந்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் ஒலியின் வேகம் நொடிக்கு 427 மீட்டர் என்று வருகிறது. ஒரு சுருதி பிசகினால் எண்பது மீட்டர்! விடையை முன்பே அறிந்த காதுக்கு 16/15 மட்டுமே கேட்கும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

காதை நம்பிய சோதனை வரலாற்றிலும் இருக்கிறது. கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் தம் கருத்தை வெளியிட்டது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தை விளக்குவதற்காக. 1845இல் பைஸ் பாலட் நெதர்லாந்தின் உட்ரெக்ட் அருகே ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, பாதையோரம் தேர்ந்த இசைஞர்களை நிறுத்தி அதைச் சோதித்தார். (பிரெஞ்சு வழியில் படித்த புதுவைக்காரர்கள் இதை டாப்ளர்-ஃபீஸோ விளைவு என்பார்கள். 1848இல் ஃபீஸோ தனியாகவே இதைக் கண்டறிந்தார்.)

நாங்கள் கைப்பேசியிடம் போனோம். மருத்துவமனை அருகே ஒலிப்பானை அலறவிடுவது முறையல்ல. அது அமைதி மண்டலம். எனவே அதைவிட்டு விலகிய ஒரு தெருவில், விடியலில், ஆயிரம் அதிர்வு கொண்ட ஒற்றைத் தொனியை எழுப்பும் கைப்பேசியை வண்டியில் கட்டி ஓட்டினோம். ஓரத்தில் இன்னொரு கைப்பேசி பதிவு செய்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 1,033 அதிர்வும் 969 அதிர்வும் கிடைக்க வேண்டும். வித்தியாசம் 64 மட்டுமே. இரண்டிலும் ஓர் அதிர்வு எதிரெதிராகப் பிசகினால் விடை பதினோரு மீட்டர் நகர்ந்துவிடும். வேகமானியின் முள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டுவது வழக்கம். அந்தப் பிழையும் நேராக விடையில் ஏறும். ஆகவே ஒவ்வோர் ஓட்டமும் ஒவ்வொரு விடை தந்தது.

எங்களில் ஆசிரியராக இருந்த ஒருவர், தொலைவாகப் போன எண்களை விட்டுவிடலாமே என்றார். பள்ளிச் செய்முறை நோட்டுகளில் ஒத்ததிர்வுக் குழாயும் இசைக்கவையும் கொண்டு ஒலியின் வேகம் காணும் சோதனை எப்படி எழுதப்படுகிறது என்பதை அறிந்தவர் அவர். விடையை முதலில் எழுதி, அதற்கேற்ற நீளங்களைப் பின்னோக்கிக் கணக்கிடும் அந்தக் கலை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக் கொடுத்தது. நெடுநேரம் வாதாடினோம்.

அந்த வாதத்தில்தான் கோல்டிங்ஹாமின் பெயர் வந்தது. ஜான் கோல்டிங்ஹாம் சென்னை வானாய்வகத்தின் வானியலர். 1820, 1821 ஆண்டுகளில், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை வெடித்த பீரங்கிகளின் ஒளியைக் கண்டு, ஒலி வந்து சேரும்வரை நொடிகளை எண்ணினார். இங்கே டாப்ளர் இல்லை, தொலைவும் நேரமும் மட்டுமே. வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்றின் திசை எல்லாவற்றையும் உடன் குறித்தார். நியூட்டனின் கணக்கும் ஐரோப்பிய அளவீடுகளும் அவர் அறியாதவை அல்ல. ஆயினும் 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் அச்சிட்ட மாதச் சராசரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை: டிசம்பர், ஜனவரியில் நொடிக்கு 1,100 அடியை ஒட்டியவை, ஜூலையில் 1,160ஐத் தாண்டுகின்றன. வெப்பம் மட்டும் இவ்வளவு வேறுபாட்டைத் தராது. பரங்கிமலை வானாய்வகத்துக்குத் தென்மேற்கே இருப்பதால், ஆடி மாதத் தென்மேற்குக் காற்று ஒலியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும் என்பது எங்கள் ஊகம். அந்த எண்களை அவர் வழித்துச் சீராக்கியிருந்தால் இந்த ஊகத்துக்கே இடமிருந்திருக்காது.

ஆசிரியர் எதையும் அடிக்கவில்லை. ஒவ்வோர் எண்ணின் அருகிலும் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று எழுதினார்.

பின்னொரு நாள், ஒலியின் வேகம் பற்றி எதுவும் சொல்லாமல், முதிய நாகஸ்வர வித்துவான் ஒருவரிடம் பதிவைக் கேட்கக் கொடுத்தோம். "எந்த ரிஷபம் ஐயா?" என்று கேட்டோம். இரண்டு முறை கேட்டார். "ரிஷபம் எங்கே இருக்கு? இது ஜாருதான். மேலே எங்கே நின்னுது, கீழே எங்கே நின்னுதுன்னு எனக்குத் தனித்தனியா போட்டுக் காட்டுங்க, அப்புறம் சொல்றேன்" என்றார். பதிவை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.