கால் அங்குல இட்லி

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த வருஷக் கொலுவில் செட்டியார் பொம்மையின் கடைக்குப் பக்கத்தில் ஒரு சமையலறை வைக்கப்போகிறேன். அடுப்பு மேடை, இட்லிப் பானை, தோசைக்கல், அரிந்த காய், தலைவாழை இலை. சுவரும் அலமாரியும் பலகையில் வந்துவிடும். சாப்பாடு முழுவதும் பாலிமர் க்ளேயில்.

அளவு 1:12. பொம்மை வீடு செய்கிறவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் அளவு இதுதான். நிஜத்தில் ஓர் அடி, பொம்மையில் ஓர் அங்குலம். விண்ட்ஸர் கோட்டையில் இருக்கும் மேரி ராணியின் பொம்மை வீடும் இதே அளவில் கட்டியது. 1921 முதல் 1924 வரை அந்த வேலை நடந்தது. வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். தில்லியில் அவருடைய வைஸ்ராய் மாளிகை எழும்பிக்கொண்டிருந்த அதே வருஷங்கள். குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஏறி இறங்கும் பொம்மை வீடு. மாளிகைக்குக் காட்டிய அக்கறையை இதற்கும் காட்டியிருக்கிறார் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

நோட்டில் கணக்குப் போட்டேன். மூன்று அங்குல இட்லி கால் அங்குலம். ஓர் அடி தோசை ஓர் அங்குலம். ஒன்றரை அடி இலை ஒன்றரை அங்குலம். கடுகு ஒன்றரை மில்லிமீட்டர். என் சமையலறையில் அது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அங்கே வந்து பென்சில் நின்றுவிட்டது.

செட்டியாருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அவர் முன்னால் நிஜ அரிசி, நிஜத் துவரம்பருப்பு, நிஜ மிளகாய் வற்றல் என்று குவித்து வைக்கிறோம். ஒவ்வொரு மொச்சையும் அவர் உள்ளங்கையைவிடப் பெரியது. யார் கண்ணுக்கும் அது உறுத்தியதில்லை. கடை நிறைந்திருக்கிறது என்ற சந்தோஷம்தான் தெரியும். ஆனால் எல்லாப் பொருளும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் இடத்தில் ஒன்று தப்பினாலும் கண் நேரே அங்கேதான் போகும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

க்ளே வந்துவிட்டது. பெயர்தான் களிமண், மண் ஒரு துளியும் இல்லை. தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பி.வி.சி.யின் நுண்துகள், அதை இளக்கி வைக்கும் பிளாஸ்டிசைசர், நிறம். காற்றில் காயாது. சூட்டில் மட்டுமே துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து இறுகும். அதனால்தான் ஒரு இலையை இன்று பாதியும் அடுத்த வாரம் மீதியுமாகச் செய்ய முடிகிறது.

இது பொம்மைக்காரர்கள் வழியாகவே வந்த பொருள். ஜெர்மனியின் பொம்மைக் கலைஞர் கேத்தே குருசேயிடம் 1939இல் இப்படி ஒரு கலவை வந்தது. அவர் பட்டறைக்கு அது ஒத்துவரவில்லை. மகள் சோஃபியிடம் கொடுத்தார். அவர் அதைப் பிசைந்து பிசைந்து கைவேலைக்கு ஏற்றதாக்கினார். 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் அதை வாங்கி ஃபீமோ என்று விற்றது. இன்று ஸ்டெட்லர் தயாரிக்கிறது. பட்டறை வேண்டாமென்று ஒதுக்கியதை ஒரு பெண் வீட்டு மேஜையில் வைத்து வளர்த்தாள். இன்று கொலு வைக்கிற என் வீடுவரை அது வந்திருக்கிறது.

சென்னை வெயிலில் கட்டி சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. வெள்ளைக் காகிதத்தின் நடுவே தட்டி வைத்தால் மிஞ்சின பிளாஸ்டிசைசரைக் காகிதம் குடித்துக்கொள்ளும். கை சுத்தம் இன்னும் முக்கியம். வெள்ளைக் கட்டி தூசி, நூல், முடி எதையும் விடாது. வெளிர் நிறங்களை முதலில் முடித்துவிட்டுத்தான் சிவப்பைத் தொட வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று முழுக்க இட்லி.

இட்லி வெள்ளை இல்லை. வெள்ளைக் கட்டியைக் கிள்ளி உருட்டித் தட்டினால் கிடைப்பது மாத்திரை. காலையில் ஓர் இட்லியைப் பிட்டு ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் விளிம்பில் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. நடுவில் பால் நிறம். ஓரத்தில் சாம்பல் தட்டிய மஞ்சள். இதைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவர முடியாது. வெளிச்சத்தைப் பாதி உள்ளே விடும் டிரான்ஸ்லூசென்ட் கட்டி வேண்டும்; அதில் கொஞ்சம் வெள்ளை, குண்டூசித் தலையளவு காவி மஞ்சள்.

விகிதத்தை மாற்றி மாற்றிக் கலந்து, டைல்ஸ் துண்டின் மேல் வரிசையாக வைத்து அத்தையிடம் நீட்டினேன்.

“இதுல எது அத்தை நம்ம வீட்டு இட்லி?”

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “இந்த ஓரத்துல இருக்கறது ரேஷன் அரிசி. அது உளுந்து பத்தாத மாவு. நடுவுல இருக்கு பாரு, அதான் நாலுக்கு ஒண்ணு.”

கால் அங்குலத்தில் உளுந்தின் அளவைப் பார்க்கத் தெரிந்த கண் அது. நடுவில் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டேன்.

மேற்புறத்துக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ். குத்தாமல், ஒற்றி ஒற்றி எடுத்தால் நுண்துளைகள் வரும். அடிப்புறம் அத்தை கேட்டது. “துணி போட்டு வார்த்த இட்லின்னா அடியில வரி இருக்குமே.” வேட்டித் துணியை அழுத்தினால் கோணிச் சாக்கின் நெசவு தெரிகிறது. துணியும் பன்னிரண்டில் ஒன்றாக வேண்டும். பழைய பட்டுப்புடவையின் உள்துண்டு பொருந்தியது. தட்டில் கவிழ்த்து வைக்கும்போது அந்த வரி தெரியும்படி ஒன்றை மட்டும் சாய்த்து வைக்கப்போகிறேன்.

தோசைக்கு நிறம் தூளில். காய்ந்த சாஃப்ட் பேஸ்டல் குச்சியைப் பிளேடால் சுரண்டி, வேகவைக்கும் முன்பே மென்தூரிகையால் தடவ வேண்டும். முதலில் ஊசியால் நடுவிலிருந்து சுழித்துக்கொண்டு போனால், கரண்டி போன வழி மேடாக நிற்கும். தூள் அந்த மேட்டில் மட்டும் பிடித்து, வளையம் வளையமாகச் சிவந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 30, சனி

வெண்டைக்காய். கேன் என்று சொல்லும் உருளை முறை, கண்ணாடி வேலைக்காரர்களின் பழைய நுட்பம். பெரியதாக, கை நீளத்துக்கு அடுக்கிவிட வேண்டும்: ஐந்து அறை, அறைக்குள் வெளிறிய விதை, நடுவே தண்டு, சுற்றிலும் ஐந்து முனையுள்ள பச்சைத் தோல். பிறகு நாலு பக்கமும் அமுக்கி அமுக்கி இழுத்தால், உருளை மெலிய மெலிய உள்ளே இருக்கும் படம் குலையாமல் சுருங்கும். இரண்டு மில்லிமீட்டருக்கு வந்தபோதும் ஐந்து அறைகளும் இருந்தன. ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிட்டுத்தான் வில்லை போட வேண்டும். இல்லாவிட்டால் பிளேடு நசுக்கிவிடும்.

வாழைத்தண்டு, வெங்காயம், தக்காளி எல்லாம் இதே வழிதான்.

செப்டம்பர் 6, சனி

வேகவைத்தேன். இதற்கென்று தனியாக ஒரு பழைய சின்ன ஓவன். சாப்பாட்டுப் பாத்திரம் எதுவும் இதன் பக்கம் வராது. கட்டியின் உறையில் போட்டிருக்கும் சூடு ஒன்றுக்கு 110 டிகிரி, மற்றொன்றுக்கு 130. ஓவன் குமிழை நம்பக்கூடாது; உள்ளே தனி வெப்பமானி வைத்தேன். சூடு மீறினால் பி.வி.சி. கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது மூச்சுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்துவைத்தேன். குறைந்தாலோ வெளியே இறுகினதுபோல் காட்டி, எடுக்கும்போது பொடிந்துபோகும். டிரான்ஸ்லூசென்ட் கலவை எளிதில் பழுப்பேறும் என்பதால் இட்லிகளுக்கு மேல் ஃபாயில் கூடாரம். வெந்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டால் தெளிவு கூடுகிறது.

சாம்பாருக்குத் திரவக் க்ளேயில் பேஸ்டல் தூள். நிஜ மஞ்சள்தூளைப் போட்டால் என்ன என்றாள் தங்கை மகள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். ஒரு கொலு தாங்கலாம், அடுத்த வருஷத்துக்கு வராது.

அவள் குழந்தைக்கு இரண்டு வயது. இந்தச் சமையலறை கொலுவின் மேல் படிக்குத்தான் போக வேண்டும் என்று இன்றே முடிவு செய்துவிட்டேன். நிஜம்போல இருக்கிற கால் அங்குல வடை குழந்தை வாய்க்குள் போக ஒரு நொடி போதும். கீழே குழந்தைக்கென்று மரச் சொப்பு தனியாக இருக்கும். சொப்பு கைக்கு, அதில் இட்லிக்கு வரி தேவையில்லை, மணல் போட்டாலே சோறுதான். நான் செய்வது பார்ப்பதற்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடைசியில் கடுகு. முதல் நாளிலிருந்தே மனதில் இருந்தது. கறுப்புப் பேஸ்டலை நுணுக்கி, சரியான எட்டில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சட்னிமேல் தூவினால் தூசி விழுந்ததுபோல் தெரிகிறது. அளவு சரி, சட்னி தப்பு. தாளிப்பு இல்லாத தேங்காய்ச் சட்னியை இந்த வீட்டில் யாரும் சட்னி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் கடுகை இரண்டு மடங்காக்கிவிட்டேன். கறுப்புக் கட்டியை மெல்லிய நூலாக இழுத்து, வேகவைத்து, பிளேடால் பொடியாக நறுக்கியது. செட்டியார் கடையை அலங்கரித்தவர்கள் இந்தச் சலுகையை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு இந்த ஒரு பொருளில் மட்டும் தேவைப்பட்டது.

அத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். “கடுகு வெடிச்சிருக்கு. கறிவேப்பிலை எங்கடி?”

நாளைக்குக் கறிவேப்பிலை. நரம்பு போட இடமில்லை. கூம்பின நுனியும், பளபளப்பும், எண்ணெயில் சுருண்ட ஓரமும் போதும்.