தலைக்கட்டு வரியில் ஆடும் கர்ணன்

சித்திரை பிறந்துவிட்டால் திருவண்ணாமலைச் சுவர்களில் சினிமா போஸ்டர்களுக்கு நடுவே அக்னி வசந்த விழா நோட்டீசுகள் ஏறிவிடும். நின்று நிதானமாகப் படித்தால் அதுவே ஒரு வரவுக் கணக்கு. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. இன்றைக்கு வில் வளைப்பு, நாளைக்கு அர்ச்சுனன் தபசு என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே உபயதாரர் பெயர்: இன்னாரின் மகன்கள், இன்ன தெரு வாலிபர்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள். டிக்கெட் என்ற பேச்சே இல்லை.

வேட்டவலம் சாலையில் ஓர் ஊரின் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். கணக்கு எழுதும் பெரியவர் மடியில், விழாவுக்கு வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரியின் நோட்டைப் பிரித்து வைத்திருந்தார். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் தனித் தலைக்கட்டு. அவன் பேரில் தனி வரி. உபயம் வசதியுள்ளவர் விருப்பம். வரி அப்படியல்ல, எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. விளைச்சல் பொய்த்த வருஷத்தில் சிலர் தர முடியாமல் போகும். “பாக்கி நிக்கலாம் சார். பேரு நோட்ட விட்டுப் போவக்கூடாது” என்றார். வரி கொடுப்பவருக்கே கோயிலில் மரியாதை, விழாவில் பேச்சு. யார் வீட்டு வரியை வாங்க மாட்டோம் என்கிறார்களோ அவர்களுக்கு இரண்டும் இல்லை. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில், 2023 ஜனவரியில் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடுதான் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைய முடிந்தது. கூத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவரும் இந்த வரியை நான் மனமார மதிக்கிறேன். அதனால்தான் காலனி வீடுகளின் பெயரும் அந்த நோட்டில் ஏற வேண்டும் என்கிறேன்.

வரி வசூல் முடியும் முன்பே ஜமா எனப்படும் கூத்துக் குழுவுக்கு வெற்றிலை பாக்கோடு அச்சாரம் போய்விடும். ஜமா நடத்தும் வாத்தியாரின் பாடு அதற்கும் முன்னால் தொடங்குகிறது. நல்ல வேஷக்காரனும் மத்தளக்காரனும் வேறு ஜமாவுக்குப் போய்விடாமலிருக்க வருஷத்துக்கு முன்பணம் கொடுத்து வைக்க வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கியது. 2020, 2021 இரண்டு வருஷமும் திருவிழாக் காலத்தை ஊரடங்கு தின்றது. “ஆட்டம் நின்னுபோச்சு, வட்டி நிக்கலயே” என்றார் வாத்தியார். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007இல் அரசு நல வாரியம் அமைத்தது நல்ல காரியம். ஆனால் முன்பணத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தால்தான் ஜமா நிமிரும்.

இரவு சாப்பாடு முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கர்ண வேஷம் கட்டுகிறவருக்கு நாற்பது வயதிருக்கும். சீசன் இல்லாத மாதங்களில் சித்தாள் வேலை. கைக்கண்ணாடியை முழங்காலில் சாய்த்துக்கொண்டு முகத்துக்குச் செஞ்சாயம் பூசினார். அது உலர்ந்ததும் ஈர்க்குச்சியால் முத்துவெள்ளை தொட்டுப் புருவத்துக்கு மேலே புள்ளி புள்ளியாக வைத்தார். ஒரு புள்ளி பிசகியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், அவசரமே படவில்லை. பிறகு கட்டைகளைக் கட்டினார்கள்: புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கடைசியில் கிரீடம். கனமில்லாத மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. இடுப்பில் கயிற்றை இறுக்கியபோது மூச்சை அடக்கிக்கொண்டார். விடியும்வரை அந்தக் கட்டு தளராது.

நள்ளிரவுக்குப் பிறகுதான் அன்பளிப்பு சூடு பிடித்தது. யாரோ ஒருவர் ரூபாய் நோட்டை நீட்ட, கட்டியங்காரன் பாட்டை நிறுத்தி, கொடுத்தவர் பேரையும் அப்பா பேரையும் சொல்லி, “நூத்தி ஒண்ணு!” என்று மைக்கில் முழங்குகிறார். மத்தளம் ஒரு தீர்மானம் வைக்கிறது. சிலர் கர்ணன் மார்பிலேயே ஊக்கால் குத்திவிட்டுப் போகிறார்கள். இந்த இடையூறு கதையைக் கெடுக்கிறது என்று நகரத்து நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு அறிவிப்புக்கும் பின் விட்ட இடத்தில், விட்ட சுருதியில் பாட்டைப் பிடிப்பது லேசான வித்தையில்லை. தூங்கி விழும் சனமும் தன் பங்காளி பேர் கேட்டு எழுந்து உட்காருகிறது.

பகாசுர வதத்தன்று வசூல் ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. பீமன் வேஷக்காரர் வண்டியேறித் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் வடையும் கொண்டுவந்து ஏற்றுவார்கள். அசுரனுக்குப் போகும் சாப்பாட்டை ஊரே சமைக்கிறது.

செய்யாறு பக்கத்துப் புரிசையில் கூத்துக்கு வேறு வழியும் திறந்தது. அவ்வூர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தை எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னை எழுத்தாளர்களிடமும் நாடகக்காரர்களிடமும் கொண்டுபோனார். 1977இல் அவர் முயற்சியில் கூத்துப்பட்டறை நாடகக் குழு பிறந்தது. தம்பிரானுக்கு விருதுகளும் வெளிநாட்டு மேடைகளும் கிடைத்தன. அவர் நினைவாகப் புரிசையில் நாடக விழா நடக்கிறது. அந்த வெளிச்சம் தேவையானதுதான். ஆனாலும் நிதி நல்கையும் விருதும் எட்டிப் பார்க்காத ஜமாக்களே இந்த மாவட்டத்தில் அதிகம். அவற்றுக்குச் சோறு போடுவது வரி நோட்டு.

படுகளமும் தீமிதியும் முடிந்த பிறகு கோயில் முன்னால் கணக்குப் படித்தார்கள். பந்தல், மைக்செட், சீரியல் பல்பு, பூ, வாணவேடிக்கை, கூத்து. பல்புக்கும் வாணவேடிக்கைக்கும் கேட்ட தொகையை அப்படியே கொடுத்திருக்கிறார்கள். கூத்துக்கு மட்டும் பேரம் பேசிக் குறைத்திருக்கிறார்கள். வாத்தியார் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த வருஷ அச்சாரத்தை ஆடி மாசத்திலேயே கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டார். கணக்குப் பெரியவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு, “பாதி தரோம் வாத்தியாரே” என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.