இரண்டு விமானங்களுக்கு நடுவே மும்பையில் ஒரு பகல்

சென்ற தைத் திங்களில் நாகபுரியிலிருந்து மதுரைக்குச் செல்ல நேர்ந்தது. ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாங்கள் ஆகாய மார்க்கமாகப் புறப்பட்டதைக் கேட்டு அலுவலகத் தோழர்கள் நகைத்தனர். காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் அன்னையாருக்கு முழங்காலில் சத்திர சிகிச்சை நடந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. ஒரு பகலும் ஓர் இரவுமாக ரயிலில் அமர்ந்து செல்வதற்கு மருத்துவர் இசையவில்லை. தந்தையார் காலமானபின், இனிச் சொந்த ஊரிலேயே இருந்துவிடுவதென்று அன்னையார் முடிவு செய்திருந்தார். குத்துவிளக்கு, உரல், சுவாமி படங்கள் யாவும் கட்டியாகிவிட்டன. கொண்டுபோய் விட்டுவரும் பொறுப்பு எங்களுடையது.

மும்பையில் காலை ஏழரைக்கு இறக்கிவிட்டார்கள். அடுத்த விமானம் மாலை ஏழுக்கு. பதினொன்றரை மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்க யாரால் இயலும்? எட்டு வயது மகனுக்குக் கடலைப் பார்க்கவேண்டும். நாகபுரிச் சிறுவன் ஏரியைத்தான் கடல் என்று எண்ணியிருந்தான். அன்னையாருக்கு மாட்டுங்காவைப் பார்க்கவேண்டும். மணமான புதிதில், 1984 முதல் இரண்டாண்டுகள், தந்தையார் அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியபோது குடியிருந்த இடம் அது. எங்களுக்கோ விக்டோரியா டெர்மினஸ் ஆசை. என் விருப்பத்தை யார் கேட்டார்கள் என்றாள் இல்லாள். அவளுக்கு வயிறு நிறைய இலைச் சாப்பாடு என்று தீர்ப்பாயிற்று.

இவ்வாறு இடையில் தங்க நேரும் அன்பர்களுக்கு இரண்டு சொல். பயணம் முழுவதையும் ஒரே சீட்டாக எடுத்தால் பெரிய பெட்டிகள் நேரே கடைசி ஊருக்குப் போய்விடும். ஆயினும் பெட்டியில் கட்டும் அட்டையில் அந்த ஊரின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே நகரவேண்டும். மற்றொன்று ரயில் விஷயம். மும்பையின் மின்சார ரயில்கள் காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் பிதுங்கி வழியும். ஆகவே பத்தரை மணிக்குப் பின் தெற்கே போய், ஐந்து மணிக்கு முன் வடக்கே திரும்பிவிடவேண்டும். இதை மீறினால் முழங்கால் அறுவை செய்த மூதாட்டியை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் விலே பார்லே. அங்கிருந்து எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டி. மாஹிமுக்குக் கிழக்கே தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் வேரூன்றிய இடம். மாட்டுங்கா ரோடில் இறங்கி டாக்சி பிடித்தோம். தீவு நகருக்குள் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. அன்னையார் தேடிய பழைய பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. கறுப்பும் மஞ்சளும் மட்டும் வேறு வண்டிகளின்மேல் ஏறியிருக்கின்றன.

கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகில் அவர் குடியிருந்த வீட்டைத் தேடினோம். பச்சை வலை போர்த்திய உயர்ந்த கட்டிடம் ஒன்று அவ்விடத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடியில் மூன்று குடும்பத்துக்கு ஒரே குழாய், காலை நான்கு மணிக்குக் குடம் வரிசை என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இல்லாத இரண்டாம் மாடியைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "பூக்கடை இருக்குதா பாரு தம்பி" என்றார்.

பூக்கடைகள் இருந்தன. வாழை இலைக் கட்டும், மல்லிகைச் சரமும், வெற்றிலையும், நம்மூர்க் கடைத்தெருவே பெயர்ந்து வந்தாற்போல. அன்னையார் தமிழிலேயே விலை கேட்டார். பூக்காரியும் தமிழிலேயே முழம் போட்டாள். "எந்த ஊரும்மா நீங்க?" என்று அவள் கேட்டதும், "நாக்பூர்" என்று சட்டென்று விடை வந்தது. நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.

இலைச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதினால் பொறாமை உண்டாகும். ரசத்தை இரண்டு முறை வாங்கினோம் என்பதோடு நிறுத்துகிறோம். மாட்டுங்கா நிலையம் 2017 முதல் முழுவதும் பெண் ஊழியர்களாலேயே நடத்தப்படுவது; அதை இல்லாள் எங்களுக்கு இருமுறை நினைவூட்டினாள்.

பிற்பகல் ஒன்றரைக்கு, இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் எனப் பெயர் தாங்கும் நிலையத்தில் நின்றோம். ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் வரைந்து, 1878ல் தொடங்கிப் பத்தாண்டுகள் கட்டியது. வாயில் தூண்களில் ஒருபுறம் சிங்கம், மறுபுறம் புலி. ஒன்று பிரிட்டனுக்கு, மற்றொன்று நம் நாட்டுக்கு. 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இதற்கு அருகே போரி பந்தரிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16 அன்று பதினான்கு பெட்டிகளோடு முதல் பிரயாணி வண்டி தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிற்று. 1925 பிப்ரவரி 3ல் குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் புறப்பட்டதும் இந்நிலையத்திலிருந்தே. மத்திய ரயில்வேயின் தலைமையகமும் இதுதான். எங்கள் நாகபுரிக் கோட்டத்துக்கு வரும் சுற்றறிக்கைகளெல்லாம் இத்தனை அழகான கட்டிடத்திலா பிறக்கின்றன என்று வியப்புற்றோம்! சுற்றறிக்கையில் அந்த அழகு ஒட்டுவதில்லை.

1924ல் திறந்த கேட்வே ஆஃப் இந்தியாவைக் காண நேரம் போதவில்லை. டாக்சியில் நேரே மரீன் டிரைவ் சென்றோம். மகன் கடலைக் கண்டு வாயடைத்து நின்றான். பிறகு, "மறுகரை எங்கே?" என்று கேட்டான். அரபுநாடு என்றோம். அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளில் இறங்குவேன் என்று அடம் பிடித்தான், இறக்கவில்லை. வழுக்கும் இடம் அது. அன்னையார் கரைச்சுவரில் அமர்ந்து, தந்தையாரும் தாமும் ஞாயிறுதோறும் இவ்விடம் வந்து வேர்க்கடலை தின்றதைப் பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களிடம் அவர் ஒருநாளும் சொல்லாத செய்தி.

நாலு மணிக்குச் சர்ச்கேட் நிலையத்தில் ஏறினோம். புறப்படும் நிலையமாதலால் உட்கார இடம் கிடைத்தது. ஐந்துக்கு விமான நிலையத்தில் இருந்தோம். பரிசோதனை வரிசையின் நீளத்தைப் பார்த்தபோது, இன்னும் அரை மணி முந்தியே வந்திருக்கலாம் என்று தோன்றிற்று.

விமானம் ஏற அழைத்தபோது அன்னையார் பூவை ஈரத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"மே மாசம் பிள்ளைக்கு லீவு விட்டதும் வருவீங்கல்ல?"

"வருவோம் அம்மா."

"திரும்பறப்போ எனக்கும் ஒரு சீட்டு சேர்த்து எடு தம்பி. இந்த வழியாவே எடு."