படிவம் 31

எங்கள் வீட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஸ்டியரிங் பிடிப்பது தம்பியின் வேலை. ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கும் அப்பா "பன்னெண்டு பதிமூணு" என்று கையை நீட்டினால் சரியானதை வைப்பேன். ஒரு நட்டைக் கழற்றிப் பார் என்று அவர் சொன்னதில்லை. வண்டி, மஹிந்திரா எம்.எம். 540. வில்லீஸ் ஜீப்பின் உடம்பில் பெஜோவின் 2112 சிசி டீசல் எஞ்சின்.

2015 அக்டோபரில் அப்பா போனார். வண்டியை விற்றுவிடலாம் என்றான் தம்பி. நான் வைத்துக்கொள்கிறேன் என்றதும், "உனக்குத்தான் நகை போட்டாச்சேக்கா" என்றான்.

கல்யாண நகையைப் பங்கில் கழிப்பது வீட்டு வழக்கம், சட்டமல்ல. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வண்டியும் சொத்துதான். உரிமையாளர் இறந்தால், வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபமில்லை என்ற கடிதமும் கேட்பார்கள். அந்தக் கையெழுத்தைத்தான் தம்பி தள்ளிப்போட்டான்.

அதற்குள் டிசம்பர் வெள்ளம். வேளச்சேரியில் எங்கள் தெருவில் ஜீப் பானெட் வரை மூழ்கியது. "இனி காயலான் கடைதான்" என்றான்.

மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப்போல் அழுந்தாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக்கை அழைத்து வந்தேன். இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றினார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். கணவருக்கு டிப்ஸ்டிக் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

மறுநாள் நானே அடியில் படுத்தேன். கியர் பாக்ஸிலும் இரண்டு டிஃபரன்ஷியலிலும் ஆயில் பால் காப்பி நிறத்தில் வடிந்தது; தண்ணீர் கலந்த அடையாளம். புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினேன். வீல் பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் அடைத்தேன். ஆயில் சீல் வாங்கப் புதுப்பேட்டை போனபோது ஒரு கடைக்காரர் "மெக்கானிக்கை அனுப்பும்மா" என்றார். அளவைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரியில், கெடு முடியப் பத்து நாள் இருக்கையில், அம்மா தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைத் தம்பியிடம் நீட்டினாள். "இத்தனை வருஷம் அதுக்கு எடுபிடி வேலை பார்த்தவ அவ. போடு."

போட்டான்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு, ஸ்பிரிங் ஷாக்கிளுக்கும் யூனிவர்சல் ஜாயின்ட்டுக்கும் கிரீஸ் அடிக்கிறேன். நைட்டியோடு பொம்பளை வண்டிக்கு அடியில் கிடக்கிறாளே என்று தெருவில் பேச்சு. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் நான்தான் போகிறேன்.

உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி.யை இன்று எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது? டயர் பஞ்சரானால் ஜாக்கி போடத் தெரிந்தவர் யார்? வண்டிக்குத் தவணை கட்டுவது யார்? மூன்றுக்கும் ஒரே பதில் வராத வீடுகளில்தான் நம்மில் பலர் இருக்கிறோம்.