444 போட்டா பூட்டினதாகுமா?

எங்க வீட்டு லினக்ஸ் கணினியில் குடும்பத்துக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டு. வீட்டில் எல்லாருக்கும் தனித்தனி லாகின். அந்த ஃபோல்டரில் மட்டும் யாரும் எழுதலாம். அதில் 'பாட்டி சமையல்' என்று ஒரு ஃபைல். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போனில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது. பசங்க கை பட்டுக் கெட்டுடக்கூடாதேன்னு சிஎச்மோட் 444 போட்டிருந்தேன். எல்லாரும் படிக்கலாம், எழுத முடியாது. நான் எழுதும்போது மட்டும் 644. முடிந்ததும் திரும்ப 444.

போன மாசம் பெரியவனுக்கு டெர்மினல் சொல்லிக்கொடுத்தேன். பதினோரு வயசு, கை துறுதுறுன்னு இருக்கும். ஃபோல்டரைச் சுத்தம் பண்றேன்னு உட்கார்ந்தவன் அந்த ஃபைலையும் சேர்த்து அழித்துவிட்டான். 'ஆர்எம்' அடித்தால் குப்பைத்தொட்டிக்கெல்லாம் போகாது. போனது போனதுதான்.

"எழுதவே முடியாத ஃபைலை எப்படிடா அழிச்ச?"

"அழிக்கவான்னு கேட்டுச்சுப்பா. ஒய் அடிச்சேன்."

அவனைத் திட்டிவிட்டேன். ஆனால் தப்பு என்னோடது. 444 காவல் காப்பது ஃபைலுக்குள் இருக்கும் எழுத்தை. ஃபைலின் பெயர் இருப்பதோ ஃபோல்டரில். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரிதான்: பேரை அடிக்கப் பையனைத் தொட வேண்டாம், பதிவேடு கையில் இருந்தால் போதும். அழிக்கவா என்ற அந்தக் கேள்விகூட ஆர்எம் காட்டும் மரியாதை, தடை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

ஃபோல்டருக்கு 'சிஎச்மோட் பிளஸ் டி' போட்டேன். ஸ்டிக்கி பிட் என்பார்கள். எல்லாரும் எழுதுகிற 'டிஎம்பி' ஃபோல்டர் 1777 என்று இருப்பது இதனால்தான். இனி ஒரு ஃபைலை அழிக்கவோ பெயர் மாற்றவோ அதன் சொந்தக்காரர், ஃபோல்டரின் சொந்தக்காரர், ரூட் இவர்களால் மட்டுமே முடியும். பெரியவனையே அழிச்சுப் பார்க்கச் சொன்னேன். பயந்துகொண்டே ஒய் அடித்தான். அனுமதி இல்லை என்று வந்ததும்தான் அவன் முகத்தில் சிரிப்பு.

யுஎஸ்பியில் பழைய காப்பி ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு அம்மா சொன்ன நாலு குறிப்பு போச்சு. அந்த ஞாயிறு பேரனையே பேசச் சொன்னேன்.

"பாட்டி, மிளகு குழம்பு திரும்பச் சொல்றீங்களா?"

மிளகு ரெண்டு ஸ்பூன் என்றார் அம்மா. முன்னே ஒன்றரை என்று எழுதின ஞாபகம் எனக்கு.

"அன்னைக்கு என்ன சொன்னேனோ, யாருக்குடா தெரியும்!"

பெரியவன் தன் லாகினில் புது ஃபைல் திறந்து, ரெண்டு என்றே எழுதினான். அந்த ஃபைலுக்கு அவன்தான் சொந்தக்காரன்.