கோலுக்குப் பின்னால்

எங்கள் கடற்கரையில் கோல் போஸ்ட்டுக்கென்று யாரும் வலை வாங்கியதாக எனக்கு நினைவில்லை. கடலுக்கு ஆகாமல் போன பழைய வலையைத்தான் கட்டுவோம். அதனால் கோலியைக் கேலி செய்ய எங்கள் ஆட்கள் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. "வலையில ஓட்ட விழுந்தா தச்சிரலாம், இந்தக் கோலிய என்னல செய்வீங்க?" என்று மைக்கில் ஒருவர் கேட்டால் கரை முழுக்கச் சிரிக்கும். முப்பத்து மூன்று வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். விசிலை வாயில் வைத்திருந்த காலம் அதைவிடக் கூடுதல். அந்த மைக்கை விட்டுவிட்டு எங்கள் பந்து விளையாட்டைப் பற்றி எழுதினால் பாதிக்கு மேல் பொய்யாகிவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம் எங்களுடையது. இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். நீரோடிக்கு அப்பால் கேரளம். வெளியூர்க்காரருக்கு ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எட்டு வயதுப் பையனைக் கேளுங்கள், காலால் கோடு கிழித்துக் காட்டுவான். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எதிரணி. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணியின் சட்டையைப் போட்டபோது எட்டு ஊரும் சேர்ந்துதான் மார் தட்டிக்கொண்டது. அடுத்த வாரமே பழையபடி அவரவர் ஊர், அவரவர் கப்பு.

இந்தப் போட்டியும் பரிகாசமும் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. பெரியவர்கள் ஆட்டத்தில் நடக்கும் கேலியை ரெஃபரி என்பதையும் மறந்து நானே ரசித்திருக்கிறேன். பெனால்டியை வெளியே அடித்தவனுக்கு 'சாட்டிலைட்' என்று பெயர் விழுந்தது. அவனுடைய கல்யாணப் பந்தியிலும் அதே பெயரில்தான் கூப்பிட்டார்கள். அவனும் சும்மா இருந்ததில்லை. கூப்பிட்டவன் பரீட்சையில் கோட்டைவிட்ட கதையை எல்லார் முன்னாலும் எடுத்துவிடுவான். இங்குள்ளவர்கள் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எஞ்சின் நின்றுபோனால், போன வாரம் 'சாட்டிலைட்' என்று கத்திய அடுத்த துறைக்காரன்தான் கயிறு வீசி இழுத்து வர வேண்டும். இது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் கேலிக்கு ஓர் அளவு இருந்தது என்றால் இதனால்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. ஒவ்வொரு கோவில் முற்றத்திலும் திரும்பி வராதவர்களின் படங்கள் வரிசையாக நின்றன. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் மணலில் யாரும் பந்தைத் தொடவில்லை.

எனக்குச் சிக்கலாகத் தெரிவது பிள்ளைகளின் ஆட்டம். பதினான்கு வயதுக்கு உட்பட்டோர், பன்னிரண்டுக்கு உட்பட்டோர் என்று இப்போது ஊருக்கு ஊர் கப்பு வைக்கிறார்கள். ஆடுகிறவர்கள் சிறுவர்கள். ஆனால் வேலிக்கயிற்றுக்கு வெளியே நின்று கத்துகிறவர்களுக்கு அந்த வயது வரம்பு கிடையாது. கோல் போட்ட பையன் எதிரணியை ஏளனம் செய்வதுபோல் சைகை காட்டினால் நான் மஞ்சள் அட்டை எடுக்கலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. கயிற்றுக்கு வெளியே நின்று "லேய், அவன் கையில எண்ணெய் தேச்சு வந்திருக்கான்" என்று கூவுகிற நாற்பது வயது மாமனுக்கு எந்த அட்டையும் இல்லை.

அந்த மாமன் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது. வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சிறுவர் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாகப் பக்கத்து ஊர்ப் பையன்கள் எங்களை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்துக்கொண்டே இருந்தார்கள். நான்காம் வருடம் அவர்களுடைய வழக்கமான கோலி காய்ச்சலில் படுத்துவிட்டான். அவனுக்குப் பதிலாகப் பன்னிரண்டு வயதுப் பொடியன் ஒருவனை நிறுத்தினார்கள். எட்டு கோல். ஐந்தாவது கோலுக்குப் பிறகு எங்கள் பையன்கள் அவனை நோக்கி மெதுவாக உருட்டி விடத் தொடங்கினார்கள். அப்படியும் விடுகிறானா என்று பார்க்க. நான் தடுக்கவில்லை. சிரித்தேன்.

மறுநாள் காலையில் ஓர் ஊர்வலம் கிளம்பியது. எங்கிருந்தோ ஒரு வாழைமரம் வந்தது, அதைப் பாடையில் கிடத்தி, கையுறை மாட்டி, மாலை போட்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு அடுத்த ஊர் எல்லை வரை போனார்கள். ஒப்பாரிகூட வைத்தார்கள். பெரியவர்கள் வாசலில் நின்று பார்த்துச் சிரித்தார்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். அந்தப் பையன் அதன் பிறகு பந்து பக்கம் வரவில்லை என்று கேள்விப்பட்டபோது, "கோலிக்கு நெஞ்சுரம் வேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

நெஞ்சுரத்தைப் பற்றிப் பேசுமுன் நான் கையில் ஓர் அளவுநாடாவை எடுத்திருக்க வேண்டும். பெரியவர்கள் ஆடும் கோல் போஸ்ட்டின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. நான்கரை அடிப் பையன் கையை உயர்த்தி எம்பினாலும் மேல்கட்டையைத் தொட மாட்டான். தலைக்கு மேலே போகும் பந்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. இங்கிலாந்தில் சிறுவர்கள் ஏழு பேராக ஆடும்போது 12 அடிக்கு 6 அடி, ஒன்பது பேராக ஆடும்போது 16 அடிக்கு 7 அடி என்று கம்பத்தையே சின்னதாக்கிக் கொடுக்கிறார்கள். நாங்கள் பெரியவர்களின் கம்பத்தை நட்டு, பெரியவர்களின் வலையைக் கட்டி, அதன் நடுவில் ஒரு குழந்தையை நிறுத்திவிட்டு, அவன் கையில் ஓட்டை என்றோம். அன்றைய எட்டு கோல்களில் குறைந்தது மூன்றையாவது தச்சன் கணக்கில் எழுத வேண்டும்.

வயது விஷயம் தனிக் கூத்து. பதினான்குக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் மீசையை மழித்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "அவனுக்குப் பெண்ணு பாத்தாச்சு சார்" என்று எதிரணிப் பையன்கள் வந்து முறையிடுவார்கள். இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. பதினேழு வயது உலகக் கோப்பையில் 2009இலிருந்து மணிக்கட்டை ஸ்கேன் எடுத்து வயதைப் பார்க்கிறார்கள். கப்பு வேண்டும் என்ற வெறி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பையன்களிடமிருந்து என்று நான் சொல்ல மாட்டேன். பிறப்புச் சான்றிதழைத் திருத்தத் தெரிந்தவன் பையனில்லை.

அந்த உலகக் கோப்பை 2017 அக்டோபரில் இந்தியாவில் நடந்தது. 9ஆம் தேதி டெல்லியில் கொலம்பியாவோடு ஆட்டம். எங்கள் டீக்கடையில் நிற்க இடமில்லை. 82ஆம் நிமிடத்தில் மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் தலையால் முட்டி ஒன்றுக்கு ஒன்று ஆக்கினான். எந்த வயதிலானாலும், ஆண்கள் உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல் அது. கடைக்காரர் பாய்லரை விட்டு வெளியே ஓடி வந்துவிட்டார். அடுத்த நிமிடமே கொலம்பியா திருப்பிப் போட்டது. 'நம்ம பிள்ளைங்க' என்று கூத்தாடிய அதே வாய்கள் "இதுக்குத்தான் நாம லாயக்கு" என்று மாறியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். டீ ஆறுவதற்குக்கூட நேரம் ஆகவில்லை. அந்த ஆட்டம் முழுக்கப் பாய்ந்து பாய்ந்து பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தான் தீரஜ் சிங் என்ற கோலி. அவனுக்குப் பதினேழு வயதுதான்.

கரையில் நிற்கும் பெரியவன் வேறு மாதிரியும் நடந்துகொள்ளலாம் என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். 2019இல் இத்தாலியில் டஸ்கனிப் பக்கம் ஓர் இளைஞர் ஆட்டத்தில் ஒரு கிளப் 27க்குப் பூஜ்யம் என்று வென்றது. வென்ற கிளப்பே தன் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பியது. எதிரணியை மதிக்கவில்லை என்பது காரணம். படித்ததும் எனக்கு ஒப்பவில்லை. எட்டாவது கோலோடு ஆட்டத்தை நிறுத்தச் சொல்வதா? பாவம் பார்த்துப் பந்தை வெளியே அடிப்பதும் ஒருவகை அவமானம்தானே? இன்றும் அந்தத் தண்டனை சரியா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பையன்கள் பந்தை உருட்டி உருட்டி விளையாடிய அந்த மூன்று கோல்களுக்கு யாராவது என்னை வேலையைவிட்டு அனுப்பியிருந்தால், எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

இன்னொன்றை என் பேரன் போனில் காட்டினான். 2016இல் ஜப்பானில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் போட்டி. இறுதி ஆட்டத்தில் பார்சிலோனாச் சிறுவர்கள் ஒமியா அர்டிஜா என்ற ஜப்பானிய அணியை ஒரு கோலில் வென்றார்கள். தோற்ற பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். வென்ற பையன்கள் ஒவ்வொருவராகப் போய்க் கட்டிப்பிடித்து, தோளைத் தட்டிக் கொடுக்கிறார்கள். பேரன் அதைப் பார்த்துவிட்டு "ரொம்ப நல்ல பசங்க தாத்தா" என்றான். நல்ல பசங்கள்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் அது தானாக வராது என்று எனக்குத் தெரியும். நான் வளர்த்தவர்களுக்குத் தானாக வந்தது பாடை கட்டுவதுதான்.

நோர்வேயில் 1987இலிருந்து பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று தனி விதிகள் வைத்திருக்கிறார்கள். பதினோரு வயது ஆகும் ஆண்டுக்கு முன்னால் முடிவுகளையும் தரவரிசையையும் பட்டியலாக வெளியிடக் கூடாது. முதலில் கேட்டபோது நானே சிரித்தேன். ஸ்கோர் எழுதாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாதா? ஏழு வயதுப் பையன் வீட்டுக்கு ஓடி வந்து முதலில் சொல்வதே எத்தனை கோல் என்பதைத்தான். யோசித்துப் பார்த்தால் அந்த விதி பிள்ளைகளுக்காகப் போட்டதில்லை என்று படுகிறது. பிள்ளைகள் எண்ணுவார்கள், மாலை விளக்கேற்றும் முன் மறந்தும்விடுவார்கள். மறக்காதவர்கள் நாம். நம் கையில்தான் பட்டியலைக் கொடுக்கக் கூடாது. இப்படி வளர்த்து நோஞ்சான் பிள்ளைகளாக்கி விடுவார்கள் என்று நினைப்பவர்கள் 2018 குளிர்கால ஒலிம்பிக்கை ஒருமுறை பார்க்கலாம். ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை உள்ள அந்த நாடு 39 பதக்கங்களோடு முதலிடத்தில் நின்றது.

கொரோனாவுக்கு முந்தைய கிறிஸ்துமஸ். பக்கத்து ஊரில் பெண்பிள்ளைகளுக்கும் ஓர் ஆட்டம் வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவன் என்று முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். எனக்கு உட்கார்ந்து பார்த்துப் பழக்கமில்லை. எழுந்து கடலோரமாக நடந்தேன். கடல் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பந்து வெளியே போனால் அலையில் இறங்கி எடுத்து வருவார். உள்ளே நின்ற கோலிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், இரண்டு பின்னல். கம்பம் பழைய அதே 24 அடி.

"மகளா?" என்றேன்.

"ஆமா சார். என்னத் தெரியலியா?"

தெரியவில்லை. அவரே சொன்னார், அந்த எட்டு கோல் ஆட்டத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அந்த நாள் பையன்களைப் பற்றி, சின்ன வயசு, விவரம் தெரியாது என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"வாழ உங்க வீட்டுப் பின்னால நின்னதுதான சார்?" என்றார். "நீங்க வெட்டிக் குடுத்தத எங்க சித்தப்பன் பாத்திருக்காரு."

அரிவாளும் என்னுடையதுதான். இத்தனை வருடத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பந்து எங்களைத் தாண்டிப் பறந்து தண்ணீரில் விழுந்தது. முழங்கால் அளவு அலையில் இறங்கி எடுத்து, கைலியில் துடைத்து, மகளிடம் உருட்டிவிட்டார். மைக்கில் யாரோ ஏதோ சொல்ல, கரையில் சிரிப்பு கேட்டது. அந்தப் பெண் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கையால் 'முன்னால வா, முன்னால வா' என்று காட்டினார்.

வேறு பேச்சு வராமல், "எத்தன கோல் ஆச்சு?" என்று கேட்டேன்.

"எண்ணல்ல சார்" என்றார். "நான் பந்து எடுத்துக் குடுத்துட்டுல்லா நிக்கேன்."